கடல் விடும் மூச்சு

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, கார், பிசானம் என்னும் இருபருவ நெல் விளைச்சலுக்கும் நீர் தந்து, திருநெல்வேலி நகரைக் கடந்து, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஆற்றின் பயணம் அங்கே முடிந்தாலும், அது சுமந்து வரும் பொருள்களின் பயணம் வானம்வரை நீள்கிறது.

கடலுக்கும் காற்றுக்கும் இடையே வாயுப் பரிமாற்றம் இடையறாது நிகழ்கிறது. கடல், கரியமில வாயுவைப் பெருமளவில் ஈர்த்துக்கொள்கிறது. வேறு சில வாயுக்களைச் சிறிதளவில் வெளிவிடுகிறது. அளவில் சிறியவையாயினும், அவை புவியின் காலநிலையைப் பாதிக்கும் ஆற்றலுடையவை.

அவற்றுள் ஒன்று டைமெத்தில் சல்பைடு. கடற்பரப்பில் மிதக்கும் நுண்தாவரங்கள் உண்டாக்கும் சேர்மத்திலிருந்து இது தோன்றுகிறது. கடற்காற்றின் தனி மணத்திற்கு இதுவும் ஒரு காரணம். காற்றில் இது நுண்ணிய சல்பேட்டுத் துகள்களாக மாறுகிறது. நீராவி அத்துகள்களின்மேல் படிந்து துளிகளாகி முகிலாகத் திரள்கிறது. முகில் கதிரவன் ஒளியின் ஒரு பகுதியைத் திருப்பியனுப்பிப் புவியைக் குளிர்விக்கிறது. நுண்தாவரங்களும் முகிலும் இவ்வாறு காலநிலையைச் சீராக்கக்கூடும் என்று 1987ஆம் ஆண்டு லவ்லாக் உள்ளிட்ட நால்வர் முன்வைத்த கருதுகோள் பெரும் விவாதத்தைத் தோற்றுவித்தது.

மற்றொன்று நைட்ரஸ் ஆக்சைடு. நூறாண்டுக் கால அளவில் இதன் வெப்பமூட்டும் திறன், அதே எடையுள்ள கரியமில வாயுவினுடையதைப்போல் ஏறத்தாழ 270 மடங்கு. பயிர் உறிஞ்சாது எஞ்சிய உரத்தின் நைட்ரஜனும் ஊர்களின் கழிவுநீரும் ஆற்றுவழியே கடலைச் சேரும்போது நுண்தாவரங்கள் அளவுமீறிப் பெருகுகின்றன. அவை மடிந்து அழுகுகையில் நீரிலுள்ள ஆக்சிஜன் குறைகிறது. அந்நிலையில் செயற்படும் நுண்ணுயிரிகள் நைட்ரஜன் சேர்மங்களைச் சிதைத்து நைட்ரஸ் ஆக்சைடை வெளிவிடுகின்றன. ஆக்சிஜன் அற்ற கழிமுகச் சேற்றில் மீத்தேனும் உருவாகிறது.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1999ஆம் ஆண்டு இந்தியாவின் மேற்குக் கடலோரத்தில் ஆக்சிஜன் கடுமையாகக் குறைந்தபோது, நைட்ரஸ் ஆக்சைடு மிகுதியாக உருவானதைக் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவன அறிவியலாளர்கள் கண்டறிந்தனர். கடலில் நைட்ரேட்டு மிகுந்ததே இதற்குக் காரணமாகலாம் என்றும் அவர்கள் கருதினர்.

மேற்குக் கடலோரம் தந்த இவ்வெச்சரிக்கை, கிழக்கே பாயும் தாமிரபரணிக்கும் உரியது. கழிவுநீரைத் தூய்மைப்படுத்திய பின்னரே ஆற்றில் விடுதல், தேவையான அளவே உரமிடுதல் ஆகியவை கடலின் மூச்சையும் காப்பவை. பொதிகைக்கு மழை தரும் முகில் கடலிலிருந்தே வருகிறது. ஆற்றில் எதைக் கலக்கிறோம் என்பது, அக்கடல் வானுக்கு எதைத் திருப்பித் தரும் என்பதையும் முடிவுசெய்கிறது.