வரைபடமும் வாக்குறுதியும்

ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரசபை, நெருக்கடி மிகுந்த பழைய நகருக்கு வடக்கே புதுநகர் ஒன்றை அமைக்க 1766இல் போட்டி நடத்தியது. ஜேம்ஸ் கிரெய்க் என்னும் இளைஞரின் திட்டம் தெரிவாயிற்று. வீதிகளையும் வடிகால்களையும் அமைத்தல் சபையின் கடமை. காணித்துண்டுகளைப் பெற்று வீடு எழுப்புதல் கட்டுவோர் கடமை.

பிரின்சஸ் வீதியின் தென்புறம் வரைபடத்தில் வெறுவெளியாக இருந்தது. அதனை நம்பிப் பலர் எதிரே காணி பெற்றனர். ஆனால், சபையே பின்னர் அவ்வெளியில் கட்டடங்களுக்கு இடங்கொடுத்தது. குடியிருந்தோர் வழக்குத் தொடுத்தனர். பிணக்குப் பிரபுக்கள் சபை வரை சென்றது. 1776இல் நடுவர் தீர்ப்பின்படி, தொடங்கப்பட்ட சில வீடுகள் நீங்கலாக, எஞ்சிய நிலம் திறந்தவெளியாகக் காக்கப்பட்டது. இன்று அங்கே பூங்கா விளங்குகின்றது.

பலர் கூடி ஊரமைக்கையில் வரைபடம் வெறுங்கோடுகள் அன்று. மக்களுக்கு அளித்த வாக்குறுதியாகும்.