பனிக்காலப் பயணம்: போடி மலையும் ஐரோப்பாவும்



மணமக்கள் திருமணம் முடிந்ததும் சில நாள் வெளியூர் சென்று தனித்திருந்து வருவதைத் தேன்நிலவு என்று இன்று வழங்குகிறோம். சொல் மேனாட்டிலிருந்து வந்தது. கருத்து நமக்குப் புதிதன்று. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி நிலம். அதற்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். அதற்குரிய ஒழுக்கம் தலைவனும் தலைவியும் ஒன்றுசேர்தல். இவ்வாறு பழந்தமிழ் இலக்கண மரபு வகுத்துள்ளது. மலை, குளிர், காதலர் இருவர் என்னும் மூன்றையும் நம் முன்னோர் ஓரிடத்தில் இணைத்து வைத்துள்ளனர். இன்றைய தேன்நிலவுக்கும் இவையே வேண்டப்படுகின்றன.

இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நம் நாட்டில் மார்கழியில் திருமணம் செய்யும் வழக்கம் இல்லை. தை பிறந்ததும் மணவிழாக்கள் தொடங்குகின்றன. மறுவீடும் விருந்தும் முடிந்து மணமக்கள் புறப்படும்போது ஜனவரியின் பிற்பகுதியோ பிப்ரவரியோ ஆகிவிடும். அப்போது போடி மலையில் பனி இறங்கும். ஐரோப்பாவிலோ நடுக் குளிர்காலம்.

தேனி மாவட்டத்தில் பொட்டிபுரம், தேவாரம், போடிநாயக்கனூர் முதலிய ஊர்களில் நின்று மேற்கே நோக்கினால் மேற்குத்தொடர்ச்சி மலை சுவர்போல் எழுந்து நிற்கும். அச்சுவருக்கு அப்பால் ஏலமலையும் மூணாறும் உள்ளன. இப்பகுதியில் மணமுடித்த இளைஞர் பலர் மூணாறு செல்கின்றனர். ஐரோப்பா செல்ல விரும்புவோரும் இந்நாளில் உண்டு. முன்னது போடியிலிருந்து எழுபது கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணம்; பின்னது கடல் கடந்த பயணம். ஆயினும் இரண்டையும் திட்டமிடும் முறை ஒன்றே. பகல் எவ்வளவு, குளிர் எவ்வளவு, வழி எது, அனுமதி என்ன, செலவு எவ்வளவு என்னும் ஐந்து வினாக்களுக்கு விடை கண்டவன் எந்நாட்டுக்கும் பயணம் வகுக்கலாம். அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, பகல்.

போடிநாயக்கனூர் ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் உள்ளது. ஆண்டின் மிகக் குறுகிய பகலாகிய டிசம்பர் 21, 22 நாட்களிலும் இங்கே பதினொன்றரை மணி நேரம் வெளிச்சம் இருக்கும். பாரிஸ் நகரம் 49 பாகைக்கு அருகில் உள்ளது. அதே நாளில் அங்கே பகல் எட்டேகால் மணிதான். லண்டனில் எட்டு மணிக்கும் சற்றுக் குறைவு. ஸ்டாக்ஹோமில் ஏறத்தாழ ஆறு மணி. நார்வே நாட்டின் வடபகுதியில் உள்ள டிரோம்சோவில் அக்காலத்தில் பல வாரங்கள் ஞாயிறு அடிவானத்துக்கு மேலே வருவதேயில்லை.

புவியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதே இதற்குக் காரணம். டிசம்பரில் வடமுனை ஞாயிற்றுக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்துள்ளது. வடக்கே செல்லச் செல்லப் பகல் குறையும். ஞாயிறும் தாழ்ந்தே செல்லும். அந்நாளில் போடியில் நண்பகல் ஞாயிறு 56 பாகை உயரத்தில் நிற்கும். பாரிஸில் 18 பாகைக்கு மேல் ஏறாது. வெயில் சாய்ந்து விழுவதால் அதே வெப்பம் அகன்ற பரப்பில் பரவி மெலிந்துவிடுகிறது.

ஜனவரி இறுதியில் பாரிஸின் பகல் ஏறத்தாழ ஒன்பதரை மணியாக வளர்ந்திருக்கும். பிப்ரவரி நடுவில் பத்து மணிக்கும் சற்று மேலாகும். ஆகவே இரண்டு வாரம் தள்ளிப் புறப்பட்டால் நாள்தோறும் ஏறத்தாழ முக்கால் மணி வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கும். அதற்காக ஒரு காசும் செலவிட வேண்டியதில்லை. நாட்காட்டியைப் பார்த்தாலே போதும்.

இரண்டாவது, குளிர்.

மேலே செல்லச் செல்லக் காற்று குளிரும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரைப் பாகை குறையும் என்பது பூகோள நூலில் நீங்கள் படித்த பாடம். போடியின் உயரம் ஏறத்தாழ 350 மீட்டர். போடிமெட்டின் உயரம் ஏறத்தாழ 1,400 மீட்டர். எனவே கீழே சட்டையோடு பேருந்தில் ஏறியவர் மேலே இறங்கும்போது போர்வை தேடுகிறார். மூணாறு அதனினும் சற்று உயரமானது. ஜனவரியில் மேகமற்ற இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானதாகையால் பள்ளங்களில் வந்து தேங்குகிறது. அதனால் அங்கே சில விடியல்களில் வெப்பநிலை சுழியத்தைத் தொட, புல்வெளி உறைபனியால் வெளுத்துவிடும்.

ஐரோப்பாவின் குளிர் உயரத்தால் மட்டும் வருவதன்று. அட்சரேகையாலும் கடலாலும் அமைவது. அட்லாண்டிக் பெருங்கடலின் வெதுவெதுப்பை மேலைக்காற்று நிலத்துக்குக் கொண்டு வருகிறது. ஆகையால் பாரிஸில் ஜனவரியின் சராசரி வெப்பநிலை ஐந்து பாகையை ஒட்டியிருக்கிறது. கடலிலிருந்து தொலைவிலுள்ள மாஸ்கோவில் அது சுழியத்துக்குக் கீழே பல பாகை இறங்கிவிடுகிறது. தெற்கேயுள்ள ரோமில் குளிர் மேலும் தணிந்தது. குளிருக்குப் பழகாதவர்கள் இத்தாலியில் தொடங்கிப் பிறகு மலைநாடு செல்வது உடலுக்கு இதம்.

உடையைப் பற்றி ஒரு சொல். குளிரைத் தடுப்பது துணியன்று; துணிகளுக்கிடையே அடைபட்ட காற்றே ஆகும். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே ஒரு தடித்த கம்பளிச் சட்டையைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் மேலானவை. உடலை ஒட்டி வியர்வையை வெளியேற்றும் உள்ளாடை, அதன்மேல் கம்பளி, அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத மேலங்கி என அடுக்க வேண்டும். நனைந்த பருத்தி உடலின் வெப்பத்தை உறிஞ்சிவிடும். வழுக்காத அடித்தோல் உள்ள காலணி இன்றியமையாதது. அங்கே நடைபாதையில் கண்ணாடிபோல் படியும் பனிக்கட்டி கண்ணுக்குத் தெரியாது. விழுந்த பிறகே தெரியும். பட்டுச் சேலையும் சரிகை வேட்டியும் புகைப்படத்துக்கு அழகு தரும், காய்ச்சலைத் தடுக்கமாட்டா.

மூன்றாவது, வழி.

போடியிலிருந்து முந்தல் வரை சமநிலம். அதன்பின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சாலை போடிமெட்டை அடைகிறது. பின் பூப்பாறை வழியாக ஏலத்தோட்டங்களையும் தேயிலைச் சரிவுகளையும் ஊடறுத்து மூணாறு செல்கிறது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இம்மலைச்சாலையில் மண்சரிவு நேர்வதுண்டு. தை மாதத்தில் அவ்வச்சம் குறைவு. ஆனால் விடியலிலும் மாலையிலும் தோட்டத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் வரிசையாக ஓடும், மூடுபனியும் இறங்கும். எனவே முற்பகலில் மலையேறுவதே அறிவுடைமை.

இம்மலைக்கு வேறொரு வழியும் இருந்தது. மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒரு சிறு இரயில் பாதை 1908 முதல் ஓடிற்று. அது முடியும் மலைமுகடே டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக் குரங்கணிப் பக்கம் இறங்கி, வண்டிகளில் போடி வந்து சேர்ந்தன. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த இரயில் பாதையை அழித்தது. அது மீண்டும் அமைக்கப்படவில்லை. டாப் ஸ்டேஷன் என்னும் பெயரை மட்டும் வரைபடத்தில் கண்டு இரயிலேற நினைப்பவர் ஏமாறுவர். போடிக்கு 1928இல் வந்த மதுரை இரயிலும் பாதையை அகலப்படுத்துவதற்காக 2010இல் நிறுத்தப்பட்டு, 2023 ஜூன் மாதத்தில்தான் மீண்டும் ஓடத் தொடங்கியது. வழி என்பது மாறிக்கொண்டே இருப்பது. பழைய நூலைப் படித்து மகிழலாம். பயணத்துக்குப் புதிய கால அட்டவணையே வேண்டும்.

ஆல்ப்ஸ் மலையிலும் இதே பாடம் உண்டு. ஃபூர்கா போன்ற உயர்ந்த கணவாய்களின் சாலைகள் குளிர்காலத்தில் பனியால் மூடப்படுகின்றன. முற்காலத்தில் அக்கணவாயின் வழியாக ஏறிய இரயிலும் கோடையில்தான் ஓடிற்று. 1982இல் மலையின் அடியில் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கம் திறக்கப்பட்டபின் குளிர்காலத்திலும் வண்டி செல்லலாயிற்று. 1912இல் திறக்கப்பட்ட யுங்ஃபிராவ் இரயில், மலையைக் குடைந்து 3,454 மீட்டர் உயரத்துக்கு மக்களை ஏற்றிச் செல்கிறது. அது போடிமெட்டைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு உயரம். அங்கே காற்று மெலிந்திருப்பதால் மெல்ல நடக்க வேண்டும். இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே செல்ல வேண்டும்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து நாள் பயணம். முதல் நாளும் இறுதி நாளும் விமானத்துக்கே போய்விடும். எஞ்சியவை எட்டு நாட்கள். ஐந்து நகரங்களைக் காண எண்ணினால் இடையே நான்கு முறை இடம் மாற வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் அரைப்பகலை விழுங்கும். எட்டில் இரண்டு நாள் அதிலேயே கழியும். மூன்று இடங்கள் போதுமென்றால் இழப்பது ஒரு நாளே. ஐந்து நகரங்களின் பெயரைச் சொல்லிக்கொள்வதைவிட மூன்று ஊர்களை உண்மையாகக் கண்டு வருவது மேல். விழா நாட்களையும் மறவாதீர்கள்: டிசம்பர் 25ஆம் நாள் லண்டனில் சுரங்க இரயிலும் ஓடாது.

நான்காவது, அனுமதி.

ஐரோப்பாவில் 29 நாடுகள் ஷெங்கன் உடன்பாட்டில் இணைந்துள்ளன. அவற்றுக்கு ஒரே விசா போதும். 180 நாட்களுக்குள் 90 நாட்களுக்கு மேல் தங்கலாகாது. பயண நாளுக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம்; பதினைந்து நாளுக்குக் குறைவாக இருக்கும்போது விண்ணப்பிக்க இயலாது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்நாட்டிடமே கேட்க வேண்டும். நாட்கள் சமமாயின் முதலில் நுழையும் நாட்டிடம் கேட்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பிரிட்டனும் அயர்லாந்தும் இவ்வுடன்பாட்டில் சேராதவை. அவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும். மணமகளின் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் பயணச்சீட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். தையில் திருமணம் என்றால் ஆவணியிலேயே கடவுச்சீட்டு கையில் இருத்தல் நலம்.

அனுமதி என்றால் அலுவலகத் தொல்லை என்று இளைஞர் பலர் எண்ணுகின்றனர். அது தவறு என்பதற்கு நம் மலையே சான்று. 2018 மார்ச் 11ஆம் நாள், கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் அண்மையில் மணமானவர்களும் இருந்தனர். அவர்கள் சென்ற வழிக்கு வனத்துறையின் அனுமதி இருக்கவில்லை என்று பின்னர் தெரிவிக்கப்பட்டது. தையில் பசுமையாய் நின்ற புல், மாசி முடிந்து பங்குனி வரும்போது உலர்ந்த திரியாகிவிடுகிறது. சரிவில் எழும் தீ சமநிலத்தில் பரவுவதைவிட விரைந்து மேலேறும். மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடுவதே காரணம். மாண்டவர்களைக் குறைகூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. எந்தப் பருவத்தில் எந்தப் பாதை மூடப்படும், யார் அதனைத் திறக்கிறார்கள் என்று கேட்டறிவது உயிரைக் காக்கும் அறிவு என்பதற்காகவே சொல்கிறேன். ஆல்ப்ஸ் சரிவுகளில் பனிச்சரிவு எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் திரும்பிவிட வேண்டும் என்பதும் இதே அறிவுதான்.

ஐந்தாவது, செலவு.

திருமணத்துக்கே கடன்பட்ட குடும்பங்கள் நம்மிடையே பல. அக்கடனோடு பயணக் கடனையும் சேர்த்தால் பத்து நாள் இன்பத்துக்குப் பல ஆண்டு வட்டி கட்ட நேரும். ஆகவே பயணத்துக்கென்று உள்ள தொகையை முதலில் எழுதிவையுங்கள். விமானக் கட்டணம், விசாவும் காப்பீடும், தங்குமிடம், உள்ளூர்ப் பயணம், உணவு, உடை என ஆறு தலைப்பில் அதனைப் பகிருங்கள். பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்குங்கள். தொகை போதவில்லையெனில் நாட்களைக் குறையுங்கள். அப்போதும் போதவில்லையெனில் இடத்தை மாற்றுங்கள். ஐரோப்பா அடுத்த தையிலும் அங்கேயே இருக்கும். மூணாறோ ஒரு பேருந்துக் கட்டணத் தொலைவில் இருக்கிறது.

கணக்கை ஒருவர் எழுதி மற்றவர் ஒப்புக்கொள்வது திட்டமாகாது. ஒருவருக்கு ஓவியக் கூடங்கள் பிடிக்கும். மற்றவருக்குப் பனிமலை பிடிக்கும். ஒருவர் புலால் உண்ணாதவராக இருக்கலாம். மற்றவர் விடியலில் எழ விரும்பாதவராக இருக்கலாம். இவற்றை வீட்டிலேயே பேசித் தீர்க்காதவர்கள் குளிர் நிறைந்த இரயில் நிலையத்தில் நின்று பேச நேரும். இருவரும் ஒரு தாளில் கணக்கெழுதி, விட்டுக்கொடுத்து, ஒத்த முடிவுக்கு வருவதே இல்வாழ்க்கையின் முதல் பாடம். அவ்வகையில் தேன்நிலவு, விமானம் ஏறும் நாளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது எனலாம்.

மாணவர்களே, உங்களுக்கு இப்பயணம் இன்னும் பல ஆண்டுகள் தள்ளியுள்ளது. ஆனால் அதற்குரிய கல்வி இன்றே உங்கள் கையில் உள்ளது. நிலப்படத்தை விரித்து, ஒரு நகரத்தின் அட்சரேகையைப் பார்த்து, அங்கே தை முதல் நாளில் பகல் எவ்வளவு, குளிர் எவ்வளவு என்று கணித்துப் பாருங்கள். விடுமுறையில் போடிமெட்டுக்குச் செல்வோர் ஒரு வெப்பமானியை எடுத்துச் சென்று, கீழும் மேலும் அளந்து குறித்து வாருங்கள். பாடநூலின் ஆறரைப் பாகைக்கு அருகே உங்கள் அளவு வருகிறதா, விலகுகிறதா, விலகினால் ஏன் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். தம் ஊர் மலையை இவ்வாறு படித்தறிந்தவருக்கு எந்நாட்டு மலையும் முற்றிலும் அயலாக இராது.