பச்சைப் போர்வைக்கு அடியில் என்ன பாறை? விண்ணிலிருந்து காட்டும் செயற்கைக்கோள்

ஈப்போ பக்கம் நெடுஞ்சாலையில் செல்வோர் இருவகை மலைகளைக் காணலாம். தூரத்தில் தொடர்ந்து நீளும் தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனது. சாலையோரம் சுவர்போல் செங்குத்தாக நிற்கும் குன்றுகள் சுண்ணாம்புக்கல். தைப்பூசத்திற்கு மக்கள் திரளும் பத்துமலையும் ஈப்போ கல்லுமலையும் இந்த இரண்டாம் வகையே.

இந்த வேறுபாடு உயிரோடு தொடர்புடையது. மழைநீர் சுண்ணாம்புக்கல்லை மெல்லக் கரைக்கிறது. மலையில் குகைகளும் மண்ணுக்கடியில் பொந்துகளும் உண்டாவது அதனால்தான். பொந்தின் மேல் உள்ள மண் சரிந்தால் தரை திடீரென உள்வாங்கும். மலையில் விரிசல் அகன்றால் பாறை பெயர்ந்து விழும். 1973 அக்டோபரில் ஈப்போ, குனோங் சீரோவில் அப்படி விழுந்த பாறைக்குச் சுமார் 40 பேர் பலியாயினர். எங்கே எந்தப் பாறை உள்ளது என்பதைக் காட்டும் வரைபடம் அதனால்தான் முக்கியமாகிறது.

அதைத் தயாரிக்கச் செயற்கைக்கோள் எப்படி உதவுகிறது? பாறை மீது விழும் சூரிய ஒளியில் ஒரு பகுதியைப் பாறை உறிஞ்சிக்கொள்கிறது; மீதியைத் திருப்பி அனுப்புகிறது. மனிதக் கண்ணுக்குச் சுமார் 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி மட்டுமே தெரியும். செயற்கைக்கோள் கருவிகள் அதைத் தாண்டிய அகச்சிவப்பு ஒளியையும் அளக்கின்றன. சுண்ணாம்புக்கல் 2.3 மைக்ரோமீட்டரை ஒட்டிய ஒளியையும் களிமண் 2.2ஐ ஒட்டிய ஒளியையும் உறிஞ்சும். கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ், பாறை வெளியிடும் வெப்பக் கதிரில் 8 முதல் 9 மைக்ரோமீட்டரில் அடையாளம் காட்டும். கண்ணுக்கு ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும் பாறைகள், கணினிப் படத்தில் வெவ்வேறு நிறம் பெறுவது இப்படித்தான். 1999இல் டெர்ரா செயற்கைக்கோளுடன் ஏவப்பட்ட ஜப்பானின் ஆஸ்டர் கருவி, 14 அலைவரிசைகளில் படமெடுக்கும் வகையில் அமைக்கப்பட்டது.

பாலைவனத்தில் இம்முறை நன்றாகக் கைகொடுக்கும். மலேசியாவிலோ காடும் செம்பனையும் இரப்பரும் தரையை மூடியிருப்பதால், கருவிக்கு முதலில் தெரிவது இலைதான். கல்லுடைப்பு இடங்களிலும் வெட்டிய மலைச்சரிவுகளிலும் மட்டுமே பாறை நேரடியாகத் தெரியும்.

மற்ற இடங்களில் நில அமைப்பே துப்பு. கருங்கல் மலைகளில் ஓடைகள் மரக்கிளைபோல் பிரிந்து ஓடும். சுண்ணாம்புக்கல் நிலத்தில் குன்றுகள் தனித்து நிற்கும். ஓடைகள் சில இடங்களில் நிலத்தடியில் மறையும். மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்கள் இந்த அமைப்பைத் தெளிவாகக் காட்டுகின்றன.

ஆனாலும் கடைசி முடிவு தரையில்தான். புவியியலாளர் பாறையில் ஒரு துளி நீர்த்த அமிலம் விடுவார். நுரைத்தால் சுண்ணாம்புக்கல், கருங்கல் நுரைக்காது. எந்த மலைக்கு முதலில் செல்வது என்பதைச் செயற்கைக்கோள் சொல்லிவிடுவதால், பல நாள் அலைச்சல் மிச்சமாகிறது.

சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில் வசிப்போர் புதிய விரிசலையோ, உதிரும் கற்களையோ, திடீரெனப் பள்ளமாகும் தரையையோ கண்டால், அங்கிருந்து விலகி, உடனே ஊராட்சி மன்றத்திடம் தெரிவிப்பது நல்லது.