அமெரிக்காவில் நின்றுபோன ஆறு சதவீதம்

அமெரிக்காவிலிருந்து திரும்பும் தமிழ்நாட்டுப் பொறியாளர்களில் பலர் சொந்த ஊருக்குப் போவதில்லை, பெங்களூரில் இறங்குகிறார்கள். வெளிவட்டச் சாலையிலும் வைட்ஃபீல்டிலும் அமெரிக்க நிறுவனங்களே அலுவலகம் போட்டிருக்கும்போது, அவர்களுக்குத் தெரிந்த வேலையும் இங்கேதான் இருக்கிறது.

எச்1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் 60 நாள் அவகாசம். அதற்குள் இன்னொரு நிறுவனம் எடுத்துக்கொள்ளாவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். வீட்டு ஒப்பந்தம், கார் கடன், பாதி வகுப்பில் நிற்கும் பிள்ளையின் படிப்பு என எல்லாவற்றையும் இரண்டு மாதத்தில் முடித்துக்கொண்டு வருபவருக்குச் சம்பளம் பேசத் தெம்பு ஏது? "ஏன் திரும்பி வந்தீங்க?" என்பார்கள் நேர்காணலில். லே-ஆஃப் என்றால் திறமைமேல் சந்தேகம். அப்பா அம்மாவுக்காக என்றால், மறுபடி கிளம்பிவிடுவாரோ என்ற சந்தேகம்.

சந்தேகம் தீர்ந்து வேலையும் கிடைத்துவிடலாம். கிடைக்காதது அங்கே கட்டிய பணம். ஒவ்வொரு சம்பளத்திலும் 6.2 சதவீதம் சமூகப் பாதுகாப்பு வரியாகப் பிடிக்கிறார்கள். நிறுவனமும் அதே அளவு கட்டுகிறது. ஓய்வூதியம் பெற 40 புள்ளிகள் வேண்டும், ஆண்டுக்கு நான்குதான் சேரும். ஆக, பத்தாண்டு உழைக்க வேண்டும். விசாவின் வழக்கமான உச்சவரம்போ ஆறாண்டு. கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்களுக்குத்தான் நீட்டிப்பு. இந்த விதிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. இப்படிக் கட்டிய பணம் வீணாகாமல் காக்கத்தான் நாடுகளுக்கிடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம். ஜெர்மனி, ஜப்பான், ஆஸ்திரேலியாவுடன் இந்தியாவுக்கு அது உண்டு. அமெரிக்காவுடன் இல்லை.

மெக்சிகோக்காரர்களுக்கு இது பழைய காயம். 1942-ல் தொடங்கிய பிராசெரோ திட்டத்தில் அமெரிக்கப் பண்ணைகளுக்குப் போன கூலிகளிடம், முதல் சில ஆண்டுகள் 10 சதவீதக் கூலியைச் சேமிப்பு என்று பிடித்தார்கள். ஊர் திரும்பியவர்களில் பலர் கைக்கு அது வரவேயில்லை. முதுமையிலும் கேட்டுப் போராடினார்கள். 2004-ல் இரு நாடுகளும் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தமும் நடைமுறைக்கு வரவில்லை.

நன்றாகச் சம்பாதித்தவர்கள்தானே என்று இதை ஒதுக்கக் கூடாது. படித்த கையோடு அமெரிக்கா போய், 40 வயதில் பெங்களூரில் முதன்முதலாகப் பி.எஃப். கணக்குத் தொடங்குபவரை நினைத்துப் பாருங்கள். 2014 செப்டம்பரில் வந்த விதிப்படி, அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாயைத் தாண்டினால் புதியவருக்கு அந்தத் திட்டத்தின் ஓய்வூதியப் பகுதி இல்லை. அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. அமெரிக்காவோடு வர்த்தகம் பேச உட்காரும் ஒவ்வொரு முறையும், இறக்குமதி வரிக்குச் சமமாக, அங்கே கட்டிவிட்டு வந்த இந்தப் பணத்தையும் டெல்லி மேசைமேல் வைக்க வேண்டும்.