மலைகள் கூறும் சான்று

உறுதி படைத்தவனை மலைக்கு ஒப்பிட்டுப் பேசுவது நம் வழக்கம். காற்றுக்கும் மழைக்கும் அசையாது நிற்பது மலை என்று நாம் கருதுகிறோம். ஆயினும் மலையும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. அதன் மேனியைப் போர்த்தியுள்ள பனியும் காடும் பயிரும் காலப்போக்கில் கூடுவதும் குறைவதும் உண்டு. அம்மாற்றம் மிக மெல்ல நிகழ்வதால் கண்ணுக்குப் புலனாவதில்லை.

நாள்தோறும் தன் மகனைக் காணும் தாய்க்கு அவனது வளர்ச்சி தெரிவதில்லை. ஓராண்டு கழித்து ஊரிலிருந்து வரும் தாய்மாமனே, "எவ்வளவு உயர்ந்துவிட்டான்!" என்று வியக்கிறார். வளர்ச்சிக்குப் பொருந்தும் இவ்வுண்மை தேய்வுக்கும் பொருந்தும். சிறிது சிறிதாகத் தேயும் பொருளை, அது முற்றும் மறைந்த பின்னரே மக்கள் தேடத் தொடங்குவர். அந்நிலை நேராதிருக்க வேண்டுமானால், முன்பிருந்த நிலையை உள்ளவாறு குறித்து வைத்து, இன்றைய நிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். இப்பணி பனிமலைகளில் ஒரு வகையாகவும், நம் கொல்லிமலையில் வேறொரு வகையாகவும் நடைபெற்று வருகிறது.

உயர்ந்த மலைகளில் ஆண்டுதோறும் பெய்யும் பனி அடுக்கடுக்காகப் படிந்து, தன் பாரத்தால் இறுகிக் கட்டியாகிறது. பின்னர் அது சரிவில் மெல்ல மெல்ல நகர்ந்து இறங்குகிறது. இதனையே பனியாறு என்பர். மேலே சேரும் பனியும் கீழே உருகும் பனியும் ஒத்திருக்கும்வரை பனியாறு தன் அளவில் நிற்கும். உருகுவது மிகுமானால் அதன் முனை பின்வாங்கும். அதன் தடிப்பும் குறையும். நிலக்கரியையும் எண்ணெயையும் மனிதர் பெருமளவில் எரிப்பதால் காற்றில் கரியமில வாயு மிகுந்து, உலகின் வெப்பம் உயர்ந்து வருகிறது. உலகின் பெரும்பாலான பனியாறுகள் இன்று சுருங்கி வருவதற்கு இதுவே தலையாய காரணமாகும்.

இச்சுருக்கத்தை அனைவரும் கண்ணாரக் காணுமாறு செய்வது பழைய புகைப்படம். முன்னொரு காலத்தில் ஒருவர் படம் எடுத்த அதே இடத்தைத் தேடிச் சென்று, அதே திசை நோக்கி மீண்டும் படம் எடுப்பதே இதற்குரிய முறை. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வேலை, செய்வதற்கு அரியது. பழைய படத்தில் அருகிலுள்ள பாறை ஒன்று, தொலைவிலுள்ள சிகரத்தின் எப்பகுதியை மறைத்து நிற்கிறது என்று முதலில் குறித்துக்கொள்வர். பிறகு மலைச்சரிவில் முன்னும் பின்னும் நடந்து, அப்பாறை அச்சிகரத்தை அவ்வாறே மறைக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பர். சில அடி விலகி நின்றாலும் காட்சி மாறிவிடும். பருவமும் ஒத்திருத்தல் வேண்டும். கோடையின் இறுதியில், புதுப்பனி பெய்வதற்கு முன்னர், பனியாற்றின் உண்மையான எல்லை வெளிப்பட்டு நிற்கும். ஆதலின் அக்காலமே படம் எடுக்க ஏற்றது. நாளின் நேரமும் ஒத்திருந்தால் நிழல்கள் ஒரே பக்கம் விழுந்து, ஒப்பீடு தெளிவாக அமையும்.

எவரெஸ்டுச் சிகரத்தின் வடபுறத்திலுள்ள ரோங்புக் பனியாற்றை 1921ஆம் ஆண்டு ஜார்ஜ் மாலரி என்னும் ஆங்கில மலையேறி படம் எடுத்தார். 2007ஆம் ஆண்டு அமெரிக்க மலையேறியாகிய டேவிட் பிரஷியர்ஸ் அதே இடத்தை அடைந்து, மீண்டும் படம் எடுத்தார். இரண்டையும் அருகருகே வைத்து நோக்கியோர் திகைத்தனர். முன்னைய படத்தில் பள்ளத்தாக்கை நிறைத்து நின்ற பனி, பின்னைய படத்தில் ஏறத்தாழ 100 மீட்டர் தாழ்ந்து கிடந்தது.

இத்தகைய பணி அறிஞர்களால் மட்டும் நடைபெறுவதன்று. ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் மலையேறுவோர் சங்கத்தினர் 1891ஆம் ஆண்டு முதல் பனியாறுகளை அளந்து வருகின்றனர். ஆஸ்திரிய நாட்டில் இன்றும் தொண்டர்கள் ஆண்டுதோறும் மலையேறி, பாறைகளில் இட்ட குறிகளிலிருந்து பனியின் விளிம்புவரை உள்ள தொலைவை அளந்து, படமும் எடுத்து வருகின்றனர். நம் நாட்டிலும், கங்கையின் ஊற்றுக்கண்ணாகிய கங்கோத்ரிப் பனியாற்றின் முகத்தை 1935ஆம் ஆண்டு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஆடன் என்பவர் அளந்து வரைபடம் ஆக்கினார். அவ்வரைபடம் இருந்தமையால்தான், அப்பனியாறு பின்னர் ஒரு கிலோமீட்டருக்கும் மேலாகப் பின்வாங்கியது என்பதை ஐயமின்றி அறிய முடிந்தது.

இனி, பனியே காணாத நம் தென்னாட்டு மலை ஒன்றை நோக்குவோம். நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக விளங்குவது கொல்லிமலை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட நாடு இது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறுவோர், குளிர்ந்த காற்றையும் பசுமையான வயல்களையும் கண்டு மகிழ்வர். இங்கு எதுவும் குறைந்ததாக அவர்களுக்குத் தோன்றாது. ஆனால் இம்மலையிலும் ஒரு பெருஞ்செல்வம் மெல்லத் தேய்ந்து வந்தது. அச்செல்வம் சிறுதானியமாகும்.

இங்கு வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் தமிழ் பேசுவோர். அவர்கள் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு உண்டு வந்தனர். ஒவ்வொரு தானியத்திலும் பல வகைகள் இருந்தன. கட்டவெட்டிச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை, கரும்பெருஞ்சாமை, செந்தினை, பெருந்தினை என அவற்றுக்குத் தனித்தனிப் பெயர்களும் இருந்தன. ஒருவகை விரைவில் விளையும். மற்றொன்று நெடுநாள் நின்று மிகுந்த தட்டை தரும். மழை பொய்த்த ஆண்டில் ஒன்று கைவிட்டாலும் மற்றொன்று காப்பாற்றும். ஆகவே இப்பன்மையே அம்மக்களுக்குப் பஞ்சத்தைத் தடுக்கும் அரணாக இருந்தது.

1970களுக்குப் பின்னர் இந்நிலை மாறியது. சமவெளியிலுள்ள ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக் கிழங்கை விலை கொடுத்து வாங்கின. சாலை அமைந்ததால் கிழங்கை ஏற்றி அனுப்புவது எளிதாயிற்று. நியாயவிலைக் கடைகளில் அரிசியும் கிடைத்தது. மேலும், சாமையின் உமியை நீக்க உரலில் நெடுநேரம் குத்த வேண்டும். அவ்வுழைப்பு முழுவதும் பெண்களின் தோள்மீதே விழுந்தது. எனவே உழவர்கள் மரவள்ளிக்கு மாறியதைக் குறை கூறுதல் தகாது. பிள்ளைகளின் படிப்புக்கும் மருந்துக்கும் பணம் வேண்டியவர்கள், பணம் தரும் பயிரை நாடினர். ஆயினும் விதைக்கப்படாத வகைகள் ஒவ்வொன்றாக மறையலாயின. ஒரு வீட்டில் ஒரு விதை தீர்ந்துபோவதை அடுத்த வீட்டார் அறிவதில்லை. கடைசி வீட்டிலும் தீர்ந்த பின்னர், அப்பெயர் மட்டுமே முதியோர் நாவில் எஞ்சி நிற்கும்.

இவ்விழப்பைக் கணக்கெடுக்கும் பணி 1990களில் தொடங்கியது. வேளாண் அறிஞர் எம். எஸ். சுவாமிநாதன் 1988ஆம் ஆண்டு நிறுவிய ஆராய்ச்சி நிறுவனத்தார், ஊர் ஊராகச் சென்று, எந்த வகை எவரிடம் உள்ளது என்று கேட்டறிந்து பதிவு செய்தனர். பனிமலையில் பழைய புகைப்படம் செய்த உதவியை, இங்கே முதியோரின் நினைவும் தொம்பைகளில் அவர்கள் சேமித்து வைத்திருந்த விதையும் செய்தன. பின்னர் மலைமக்களைக் கொண்டே ஊர்களில் விதை வங்கிகள் அமைக்கப்பட்டன. விதை பெற்ற உழவர் அறுவடைக்குப் பின், பெற்றதைவிடக் கூடுதலாகத் திருப்பித் தருவர். உமி நீக்கும் எந்திரங்கள் ஊர்களில் நிறுவப்பட்டதால் பெண்களின் பளு குறைந்தது. மகளிர் குழுக்கள் தானியத்தை மாவாகவும் சத்துணவாகவும் ஆக்கி விற்றன. அதனால் சாமைக்கும் தினைக்கும் விலை கிடைத்தது. இந்தியாவின் முயற்சியால் ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, உலகம் இத்தானியங்களின் அருமையை உணர்ந்தது.

இவ்விரு மலைகளின் சான்றுகளுக்கும் இடையே ஒரு வேற்றுமை உண்டு. பனியாற்றின் படம் இழப்பைக் காட்டும். உருகிய பனியை அது மீட்டுத் தராது. விதையோ இழப்பைக் காட்டுவதோடு, அதனை ஈடு செய்யவும் வல்லது. ஒரு பிடி விதை மூன்று நான்கு பருவங்களில் ஒரு வயலை நிறைத்துவிடும். ஆனால் விதைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அதனை இடையிடையே விதைத்துப் புதுப்பித்தல் வேண்டும். அடைத்தே வைத்திருந்தால் அது முளைக்கும் ஆற்றலை இழந்து வெறும் தானியமாகிவிடும்.

மாணவர்களும் இப்பணியில் பங்கு கொள்ளலாம். ஊர் ஏரியின் நீர்க்கரையை ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து, நாளைக் குறித்து வைக்கலாம். பாட்டனும் பாட்டியும் விதைத்த பயிர்வகைகளின் பெயர்களைக் கேட்டு எழுதலாம். எழுதும்போது சிறிதாகத் தோன்றும் குறிப்பு, முப்பது ஆண்டுகளுக்குப் பின் பெருஞ்சான்றாக விளங்கும். கொல்லிமலையில் சாமை மீண்டும் விளைவது, அதன் பெயரை மறவாத முதியோர் சிலரும், அதனைக் கேட்டு எழுதிய இளைஞர் சிலரும் இருந்ததனால்தான்.