வாசுதேவன் பாஸ்கரன்

வாசுதேவன் பாஸ்கரன் (பிறப்பு: ஆகஸ்ட் 17, 1950) தமிழ்நாட்டைச் சேர்ந்த முன்னாள் ஹாக்கி வீரர். 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய அணியின் தலைவர். ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா பெற்ற எட்டாவது தங்கம் அது. இன்றுவரை அதுவே கடைசித் தங்கமும் ஆகும். இவர் ஆடிய இடம் இடது ஹாஃப். கோல் போடுவதைவிட, எதிரணியைக் கோல் போட விடாமல் தடுப்பதே அந்த இடத்தில் ஆடுபவரின் முதல் கடமை.

தொடக்கம்

பாஸ்கரன் ஆரணியில் பிறந்தார். சென்னை இலயோலா கல்லூரியில் படித்தார். 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் இடம்பெற்றார். ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஆடப்பட்டது அங்கேதான். இயற்கைப் புல்லில் பழகிய இந்திய அணி அதில் தடுமாறி ஏழாம் இடத்தையே பிடித்தது. செயற்கைத் தரையில் பந்து வேகமாக ஓடும். தடுப்பவருக்கு யோசிக்கக் கிடைக்கும் நேரம் குறைவு.

அக்காலத்தில் ஹாக்கி வீரர்களுக்கு இன்றுள்ளதுபோல் ஏலமோ ஒப்பந்தமோ கிடையாது. பலரும் வங்கி, ரயில்வே போன்ற நிறுவனங்களில் வேலை பார்த்துக்கொண்டே விளையாடினர்.

இடது ஹாஃபின் வேலை

அன்றைய ஆட்டமுறையில் முன்வரிசையில் ஐந்து பேர், நடுவில் மூன்று ஹாஃப்கள், பின்னால் இரண்டு ஃபுல்பேக்குகள், கடைசியில் கோல்கீப்பர் என்று பதினொருவர் நிற்பார்கள். எதிரணியின் வலது ஓரத்தில் பந்தைக் கொண்டு ஓடிவருபவரை மறிப்பது இடது ஹாஃபின் பொறுப்பு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஹாக்கி மட்டையின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. உருண்டைப் பக்கத்தால் பந்தை ஆடக் கூடாது. இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கென்று தனி மட்டையும் கிடையாது. எதிரணி வீரர் எல்லைக்கோட்டை ஒட்டி ஓடும்போது, பந்து இடது ஹாஃபின் இடப்பக்கமாகப் போகும். தட்டைப் பக்கத்தால் எளிதில் எட்ட முடியாத பக்கம் அது. மட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும், அல்லது கால் வேகத்தால் முந்திச் சென்று வழியை அடைக்க வேண்டும். பந்தைப் பறித்தபின் அதை முன்வரிசைக்குச் சரியாகக் கொடுப்பதும் இவர் வேலைதான்.

மாஸ்கோ, 1980

மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, பாகிஸ்தான் போன்ற வலுவான அணிகள் அந்த ஒலிம்பிக்கில் ஆடவில்லை. ஹாக்கியில் கலந்துகொண்டவை ஆறு அணிகள். இதைக் காட்டி அந்தத் தங்கத்தைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. ஆனால் ஆட்டங்கள் எல்லாமே எளிதாக முடிந்துவிடவில்லை.

இந்தியா தான்சானியாவை 18-0, கியூபாவை 13-0, சோவியத் ஒன்றியத்தை 4-2 என்று வென்றது. போலந்து, ஸ்பெயின் இரண்டுடனும் 2-2 என்று சமன் செய்தது. ஜூலை 29 அன்று இறுதி ஆட்டத்தில் மீண்டும் ஸ்பெயினைச் சந்தித்தது.

சுரிந்தர் சிங் சோதி இரண்டு கோல்களும் கௌஷிக் ஒரு கோலும் போட, இந்தியா 3-0 என முன்னேறியது. ஸ்பெயின் இரண்டு கோல்களைத் திருப்பியது. முகமது ஷாகித் நான்காவது கோலைப் போட்டார். ஸ்பெயினின் ஹுவான் அமாத் தம் மூன்றாவது கோலைப் போட்டு 4-3 ஆக்கினார். அதன்பின் ஸ்பெயினை இன்னொரு கோல் போட விடாமல் தடுத்ததால்தான் தங்கம் கிடைத்தது. கோல் போட்டவர்களின் பெயர்கள் பதிவேட்டில் உள்ளன. தடுக்கப்பட்ட கோலுக்குப் பதிவேட்டில் இடமில்லை.

பயிற்சியாளராக

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் பாஸ்கரன் இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்தார். போலந்தை வென்றால் அரையிறுதி என்ற நிலை. 1-0 என முன்னணியில் இருந்த இந்தியா, ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோலை விட்டுக்கொடுத்தது. அந்தச் சமநிலையால் அரையிறுதி வாய்ப்பு பறிபோனது. 1980இல் கடைசி வரை காத்த ஒரு கோல் தங்கத்தைத் தந்தது. 2000இல் கடைசியில் விட்ட ஒரு கோல் அரையிறுதியைப் பறித்தது. 2006 உலகக் கோப்பையிலும் இவரே பயிற்சியாளர்.

பனி ஹாக்கியுடன் ஒப்பீடு

பனித்தரையில் சறுக்கிக்கொண்டு ஆடும் பனி ஹாக்கி இந்தியாவில் முக்கியமாக லடாக்கில் ஆடப்படுகிறது. அதில் களத்தில் ஆறு பேர். அவர்களில் இருவர் தற்காப்பு வீரர்கள். அங்கே மட்டையின் இரு பக்கத்தாலும் ஆடலாம். கனடாவின் பாபி ஓர் தற்காப்பு வீரராக இருந்துகொண்டே 1970, 1975 ஆகிய இரு பருவங்களில் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் அதிகப் புள்ளிகள் பெற்றார். முழங்கால் காயங்களால் 1978இல், முப்பது வயதிலேயே, ஓய்வு பெற நேர்ந்தது. தடுப்பவரே தாக்குதலையும் தொடங்கிவைப்பவர் என்பது இரு ஆட்டங்களுக்கும் பொது.

விருதுகள்

பாஸ்கரன் அர்ஜுனா விருதும், 1981இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

மாணவர் கவனத்திற்கு

2025இல் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. தேனி, கம்பம் பகுதி மாணவர்களுக்கு மதுரை தொலைவில் இல்லை. பள்ளி அணியில் சேரும் பிள்ளைகள் பெரும்பாலும் முன்வரிசையையே கேட்பார்கள். பின்னால் நிற்கச் சொன்னால் முகம் வாடும் மாணவரிடம், இந்தியாவுக்குக் கடைசி ஒலிம்பிக் ஹாக்கித் தங்கத்தைப் பெற்றுத்தந்த அணியின் தலைவர் எந்த இடத்தில் ஆடினார் என்று சொல்லலாம்.