தொப்புளைச் சுற்றி ஒரு வலி

கை நிறைய ஸ்கேன் படங்களோடு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, மலம் கழித்த பிறகு வலி குறைகிறதா என்பதைத்தான். பலருக்கு முகம் சுருங்கிவிடும். எண்டோஸ்கோப்பி, அல்ட்ராசவுண்ட், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று. இவர் என்னடா என்றால் கக்கூஸ் விஷயத்தைக் கேட்கிறாரே என்ற ஏமாற்றம். சிலர் தயங்கித் தயங்கி, "எல்லாம் நார்மல்னா, எனக்கு ஒண்ணுமே இல்லைனு சொல்றீங்களா டாக்டர்?" என்பார்கள். மாதக்கணக்கில் வலியைச் சுமந்தவரைப் பொய்யராக்கிவிட்டதுபோல அந்த 'நார்மல்' அவரைச் சுடுகிறது.

அந்தக் காகிதம் சொல்வது இவ்வளவுதான்: குடலில் புண், கட்டி, அழற்சி எதுவும் தென்படவில்லை. குடல் நரம்புகள் எவ்வளவு கூர்மையாக உணர்கின்றன, மூளைக்கு என்ன சேதி அனுப்புகின்றன என்பதெல்லாம் ஸ்கேனில் விழாது. மலக்குடலுக்குள் சிறு பலூனை வைத்து ஊதிப் பார்த்த ஆய்வுகள் உண்டு. மற்றவர்களுக்கு லேசான அழுத்தமாகத் தெரிகிற அளவே எரிச்சல் குடல் நோய் என்று பெயர் பெற்ற இந்த வலியோடு வருபவர்களில் பலருக்கு வலித்தது. வலி நிஜம். அதை அடையாளம் காண, அவர் சொல்வதை ஒழுங்காகக் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்பதை ஒரு முறையாக்கியவர்கள் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள். மேனிங், தாம்ப்சன், ஹீட்டன், மாரிஸ் என்ற நால்வர் 1978-ல் வெளியிட்ட கட்டுரையை எப்போது படித்தாலும் எனக்கு மரியாதை கூடுகிறது. வயிற்றுவலி அல்லது மலம் போவதில் மாற்றம் என்று வந்த 109 பேரிடம் 15 அறிகுறிகளைப் பற்றிக் கேட்டு எழுதி வாங்கினார்கள். பிறகு காத்திருந்தார்கள். 17 முதல் 26 மாதங்கள் கழித்து மருத்துவக் குறிப்புகளைப் புரட்டியபோது, 32 பேருக்கு எரிச்சல் குடல் நோய் என்றும், 33 பேருக்கு உறுப்பையே பாதித்த நோய் என்றும் உறுதியாகியிருந்தது. இந்த இரண்டு கூட்டத்தையும் முதல் நாள் பதில்களிலேயே பிரித்துக் காட்டியவை நான்கு: மலம் போனதும் வலி தணிவது, வலி தொடங்கும்போது மலம் இளகுவது, அப்போது அடிக்கடி போக நேர்வது, வயிறு உப்புவது.

அந்த நால்வரில் ஹீட்டன் பின்னாளில் மலத்தை ஏழு வகையாகப் பிரிக்கும் அளவுகோலை உருவாக்கினார். முதல் வகை நம் ஊர் ஆட்டுப் புழுக்கை, ஏழாவது வெறும் தண்ணீர். இன்னொருவரான தாம்ப்சன், ரோமில் 1988-ல் நடந்த மாநாட்டை ஒட்டி அமைந்த நிபுணர் குழுவை வழிநடத்தினார். இன்று உலகெங்கும் பயன்படும் 'ரோம் விதிகள்' அங்கே தொடங்கியவைதான். 2016-ல் வந்த நான்காம் பதிப்பின்படி, எரிச்சல் குடல் நோய் என்று சொல்லக் கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்தில் ஒரு நாளாவது வயிறு வலித்திருக்க வேண்டும். வலிக்கும் மலம் கழிப்பதற்கும் தொடர்பு, போகும் தடவைகளில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு சேர்ந்திருக்க வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

அதே பதிப்பில் 'அசௌகரியம்' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு மொழிக்காரரும் அதை ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்டார்கள். சில மொழிகளில் அதற்குச் சொல்லே இல்லை. தமிழில் இந்தச் சிக்கலை நான் தினமும் பார்க்கிறேன். "வயிறு ஒரு மாதிரியா இருக்கு" என்பதற்குள் வலி, பொருமல், குமட்டல், எரிச்சல் எல்லாம் ஒளிந்திருக்கும். "சுருட்டிப் பிடிக்குதா, கல்லு மாதிரி இருக்கா, முழுசாப் போன திருப்தி இல்லையா?" என்று பிரித்துக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

குழந்தைகளிடம் இது இன்னும் கடினம். இங்கும் பிரிஸ்டல்காரர் ஒருவரையே நாட வேண்டியிருக்கிறது. குழந்தை மருத்துவர் ஜான் ஆப்லி 1958-ல் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து, ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அடிக்கடி வயிற்றுவலி வருவதைக் கண்டார். தொப்புளைவிட்டு வலி எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவுக்கு உறுப்புக் கோளாறைத் தேட வேண்டும் என்பது அவர் சொன்ன அனுபவ மொழி. அது ஒரு வழிகாட்டிதான்; அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறான் என்று அடி வாங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நினைத்தால் மனம் கனக்கிறது.

விளையாடுகிறான், எடை ஏறுகிறது என்றால் பெரும்பாலும் பயமில்லை. வளர்ச்சி தேங்கினாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, வலி தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, வாந்தியோ காய்ச்சலோ விடாவிட்டாலோ அப்போது பரிசோதனைகள் அவசியம். பெரியவர்களுக்கு எடை இழப்பும் ரத்தசோகையும் இதே எச்சரிக்கையைத் தரும்.

கைக்குழந்தைகளுக்கும் ரோம் விதிகளில் இடம் உண்டு. பிறந்து ஒன்பது மாதத்துக்குள் சில குழந்தைகள் பத்து நிமிடம், அதற்கும் மேல், முகம் சிவக்க முக்கி அழும். பிறகு இளகலாகவே மலம் போகும். மலச்சிக்கல் என்றால் மலம் கெட்டியாக இருக்கும். இங்கே வயிற்றை முக்கும்போது கீழ்த்தசையைத் தளர்த்த வேண்டும் என்பதைக் குழந்தை இன்னும் கற்கவில்லை, அவ்வளவே. நம் வீடுகளில் பாட்டிமார் வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைப்பார்கள். உடனே போகும், நிம்மதியாகவும் இருக்கும். ஆனால் தினமும் செய்தால், காம்பு வந்தால்தான் போவது என்று குழந்தை பழகிவிடக்கூடும். வயிறு வீங்கியிருந்தாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, பிறந்த இரண்டு நாளில் முதல் மலம் போகாமல் இருந்தாலோ உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். அதெல்லாம் இல்லை, பால் நன்றாகக் குடிக்கிறது, மலமும் இளகலாக இருக்கிறது என்றால் காம்பைத் தட்டிலேயே விட்டுவிடலாம் பாட்டி. சில வாரங்களில் குழந்தை தானே கற்றுக்கொள்ளும்.

(தொடரும்)